சீட்டுக் காற்றுக்கு மாதச் சந்தா

எங்கள் பக்கம் பிறந்த வீட்டு ஆண்பிள்ளைக்கு ஒரு பொறுப்பு உண்டு. அக்காவையோ தங்கச்சியையோ கட்டிக்கொண்ட மனிதர் நம்மோடு வெளியே கிளம்பினால், அவர் கை சட்டைப்பைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பஸ் டிக்கெட், டீ, கோயிலில் தேங்காய் பழம் எதுவாக இருந்தாலும் நாம்தான் முந்த வேண்டும். அவர் கொடுத்துவிட்டால் போச்சு. "மாமனார் வீட்டுல ஒருத்தனுக்கும் கை நீளாது போல" என்று ஊர் பேசும். என் அப்பா இந்த விஷயத்தில் கெட்டி. அவர் போன பிறகு அது என் தலையில் விழுந்தது. எனக்குக் கூடப் பிறந்தது ஒரே அக்கா, அதனால் ஒரே அத்தான்.

அத்தான் அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாபநாசம் வழித்தடத்திலேயே காலம் ஓடியது. வீடு கல்லிடைக்குறிச்சியில். வேலைக்காலம் முழுக்க மற்றவர்களிடம் காசு வாங்கியே பழகிய கை அது. என்னோடு எங்கே வந்தாலும் டீயைக் குடித்து முடித்ததும் அந்தக் கை பைய, மெதுவாக, சட்டைப்பை பக்கம் போகும். நான் எட்டி மணிக்கட்டைப் பிடிப்பேன். "உட மாட்டியே மாப்ளே" என்று சிரிப்பார். எங்கள் இருவருக்கும் இது ஒரு விளையாட்டு மாதிரியே ஆகிவிட்டது. சில சமயம் பையில் காசே இல்லாமல் கையை விடுகிறாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

எனக்குத் திருநெல்வேலி டவுனில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் விற்கிற கடை. கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். தெருவிளக்கு எரியவில்லையா, மனு. கடை வாசலில் சாக்கடை தேங்கி நிற்கிறதா, மனு. "அண்ணாச்சி வாயில விழுந்தா அவ்வளவுதான்" என்று பஜாரில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கார் வாங்கினது அத்தானுக்கு உடம்பு முடியாமல் போனதற்கு முந்தின சித்திரையில். ஷோரூமில் ஒரு பெண் ஒவ்வொரு பட்டனாக அமுக்கிக் காட்டினாள். சீட்டில் பொடிப்பொடியாக ஓட்டைகள், அதற்குள்ளிருந்து காற்று வந்தது. சீட்டுக்குள்ளேயே காற்றாடி இருக்கிறதாம். உட்கார்ந்தால் முதுகுக்கும் தொடைக்கும் ஜில்லென்று இருந்தது. "இதெல்லாம் முதல் வருஷம் ஃப்ரீ சார்" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. நானும் தலையை ஆட்டினேன். என் கடையில் நான் கியாரண்டி கார்டைப் பற்றி விளக்கும்போது வாடிக்கையாளர்கள் ஆட்டுகிற அதே தலையாட்டல்தான். என் கண்ணெல்லாம் வண்டியின் வெள்ளை நிறத்தில் இருந்தது.

அடுத்து வந்த மாசியில் அத்தானுக்குச் சோறு இறங்காமல் போனது. தண்ணீர் விட்டு விழுங்கினார், பிறகு கஞ்சியாகக் குடித்தார், அதுவும் நெஞ்சில் நின்றது. குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, உணவுக்குழாயில் புற்றுக்கட்டி, கரண்டு வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, என்றார்கள். பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி. சனி, ஞாயிறு தவிர தினமும் போய் வர வேண்டும்.

"பஸ்ல போயிட்டு வந்துருதோம். எனக்குத் தெரியாத பஸ்ஸா?" என்றார் அத்தான்.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்று நான் போட்ட சத்தத்தில் அக்கா அழுதே விட்டாள். அன்றிலிருந்து காலையில் கடையை வேலையாட்களிடம் விட்டுவிட்டுக் கல்லிடைக்கு ஓட்டிப்போய், இருவரையும் ஏற்றி, வீரவநல்லூர், சேரன்மாதேவி, பத்தமடை வழியாகப் பாளையங்கோட்டை. கரண்டு வைத்து முடிந்ததும் திரும்பவும் அதே வழி. ஒரு நாளும் அலுத்ததில்லை. உண்மையைச் சொன்னால் பெருமையாகத்தான் இருந்தது.

கரண்டு நெஞ்சுக்கு வைத்தாலும் சூடு முதுகு வரைக்கும் பாயுமாம். நாள் ஆக ஆக அவர் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து வந்தது. டாக்டர் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: வேர்க்கக் கூடாது, உரசக் கூடாது, பழைய பருத்திச் சட்டைதான் போட வேண்டும், தோல் பிய்ந்து புண்ணாகிவிட்டால் கரண்டை நடுவிலேயே நிறுத்த வேண்டி வரும், நிறுத்தினால் வைத்ததெல்லாம் வீண். சித்திரை வெயிலில் வேர்க்கக் கூடாது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? பிசான நெல் அறுத்து முடிந்த வயல்களைப் பார்த்தாலே கண் எரியும். வண்டிக்குள் ஏ.சி. இருந்தது. ஆனால் அது முகத்துக்கு மட்டும்தான், சீட்டில் ஒட்டியிருக்கிற முதுகுக்கு அது என்ன செய்யும்?

அதற்குத்தான் அந்தச் சீட்டுக் காற்றாடி. அத்தான் முன் சீட்டில் ஏறிச் சாய்ந்ததும் பட்டனை அமுக்குவேன். மெலிசாக ஒரு இரைச்சல் கேட்கும். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

"முதுகுல ஆத்தங்கரைக் காத்து அடிக்கு மாப்ளே. அம்புட்டு வருஷம் பஸ்ல நின்னுக்கிட்டே போனதுக்கு இப்பந்தான் ஒரு சீட்டு கெடச்சிருக்கு."

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில் பட்டனை அமுக்கினேன், காற்று வரவில்லை. வண்டித் திரையில் எழுத்து வந்து நின்றது. இலவசக் காலம் முடிந்துவிட்டதாம். சீட்டுக் காற்று தொடர்ந்து வேண்டுமென்றால் மாதச் சந்தா கட்ட வேண்டுமாம்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வண்டியை ஓரங்கட்டினேன். கம்பெனி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள்.

"உங்க சந்தா முடிஞ்சிருச்சு சார். ஆப்ல போய் ரினீவ் பண்ணிக்கலாம்."

"எம்மா, சீட்டு யாருடையது?"

"உங்களோடதுதான் சார்."

"சீட்டுக்குள்ள இருக்க காத்தாடி?"

"அதுவும் உங்களோடதுதான் சார். சேவைக்கு மட்டும்தான் கட்டணம்."

"காத்தாடி சுத்துததுக்குப் பேரு சேவையா? நான் மிக்ஸி விக்கேன். வித்துட்டு, சட்னி ஜார் சுத்தணும்னா மாசாமாசம் காசு கொண்டான்னு கேட்டா, வாங்கினவன் என்னைச் செருப்பால அடிக்க மாட்டானா?"

"உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிறேன் சார்" என்றாள். அந்தப் பொறுமையான குரலில் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனிக்காரன் கேட்டது பெரிய தொகை இல்லை. கடையில் வேலையாட்களுக்கு நான் வாங்கிக்கொடுக்கிற டீச்செலவைவிடக் குறைவுதான். ஆனால் தொகையா முக்கியம்?

"என் கையில இருந்து ஒரு பைசா அவனுக்குப் போவாது. அம்புட்டுதான். நீங்க பாருங்க அத்தான், அவன உண்டு இல்லைன்னு ஆக்குதேன்."

"நீ சொல்லுததும் நியாயந்தான மாப்ளே" என்றார் அத்தான். 'நியாயந்தான்' என்று அவர் சொன்னது மட்டும்தான் என் காதில் ஏறியது.

அன்று மாலையே வியாபாரிகள் சங்க வாட்ஸப் குழுவில் நீளமாக எழுதினேன். மிக்ஸி ஜார் உதாரணத்தையும் போட்டேன். அப்பப்பா, என்ன வரவேற்பு! "அண்ணாச்சி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருக்காரு." "நாளைக்கு ஸ்டியரிங்குக்கும் வாடகை கேப்பான்." கும்பிடு போடுகிற கைகளாக வந்து குவிந்தன. நான் ராத்திரி படுக்கப் போகும் வரை அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கம்பெனிக்கு மனு, நுகர்வோர் அமைப்புக்கு மனு, நகலைக் குழுவிலும் போட்டேன்.

இதற்கிடையில் அத்தான் தினமும் அதே சீட்டில் வந்துகொண்டிருந்தார். சாய்ந்து உட்காரவில்லை. முன்பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதுகு சீட்டில் படாமல், முன்னால் வளைந்து உட்கார்ந்து வந்தார். பஸ்ஸில் போன பழக்கம், ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்று எழுதுகிறேனே, அதுகூடப் பொய்தான். எனக்குத் தெரியும். கண்ணாடியில் அக்காவையும் பார்த்தேன். பின் சீட்டிலிருந்து கையை முன்னால் நீட்டி, மடித்த செய்தித்தாளால் அவர் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் விசிறிக்கொண்டே வந்தாள். பத்தமடை தாண்டும்போது கை மாற்றிக்கொள்வாள். அதைப் பார்த்ததும் எனக்கு என் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். கம்பெனிக்காரன் மேல்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எதுல கூட்டிட்டு வாரீய? இப்படி வேர்த்துக் கெடந்தா தோல் பிஞ்சிரும், பாத்துக்கோங்க. அப்புறம் டாக்டர் நிறுத்திருவாங்க" என்று திட்டினாள். நான் என்ன செய்தேன்? வாசலுக்கு வந்து, நின்ற இடத்திலேயே குழுவில் எழுதினேன்: 'புற்றுநோயாளியின் முதுகில்கூட காசு பார்க்கிறவன் மனிதனா?' அதற்குத்தான் இருப்பதிலேயே அதிகக் கும்பிடு வந்தது. அந்த முதுகை எடுத்து நான் என் சண்டைக்கு வைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

வீட்டில் என் மனைவி சொல்லிப் பார்த்தாள். "கட்டித் தொலைங்களேன். முதுகு கொப்புளிச்சிருக்குன்னு மதினி போன்ல அழுதாவ."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. ஒருத்தன் கட்டினா அவன் ஊரையே கட்ட வைப்பான். இன்னும் ரெண்டு நாள் பொறு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மட்டும் கல்லிடைக்குப் போய் அத்தானைப் பார்த்துவிட்டு வந்தாள். நான் கடையில் இருந்தேன், இன்னொரு மனு எழுதிக்கொண்டு.

திங்கட்கிழமை காலை. அத்தான் ஏறினார். கை போன பழக்கத்தில் நான் அந்தப் பட்டனை அமுக்கினேன். மெலிசாக இரைச்சல் கேட்டது. சீட்டின் ஓட்டைகளில் கையை வைத்துப் பார்த்தேன். காற்று!

நான் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பாத்தீயளா அத்தான்! பாத்தியா அக்கா! நான் போட்ட போடுல திறந்து உட்டுட்டான்லா! காசும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

அத்தான் பைய சாய்ந்து உட்கார்ந்தார். "உன் வாய்க்குப் பயந்துட்டான் மாப்ளே" என்றார். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? குழுவில் வெற்றிச் செய்தி போட்டேன். சேரன்மாதேவி டீக்கடையில் முன்பின் தெரியாத லாரி டிரைவரிடம்கூடச் சொன்னேன். அத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஆறவைத்த பாலை மடக்கு மடக்காகக் குடித்தார். குடித்து முடித்ததும் வழக்கம்போல அவர் கை சட்டைப்பைக்குப் போனது, நான் வழக்கம்போலப் பிடித்துக்கொண்டேன். "எங்க வீட்டு மருமகன் கை பைக்குள்ள போலாமா?" என்று அந்த டிரைவருக்கும் கேட்கும்படி சொன்னேன். அத்தான் சிரித்தார்.

சங்கத்தின் மாதக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'தனி ஒருவராகப் போராடி வென்ற' என்று தலைவர் பேசினார். நானும் மைக்கைப் பிடித்து வாய் கிழியப் பேசினேன்.

மறுநாள் கரண்டு முடிந்து அத்தானைக் கல்லிடையில் விட்டுவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். எதிர்வரிசையில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் வந்தார். என்னைப் பார்த்து அதே வண்டியை வாங்கினவர்.

"அண்ணாச்சி, நம்ம வண்டியிலயும் சீட்டுக் காத்தை நிறுத்திப்போட்டான். நீரு அவன்கிட்ட என்ன சொன்னீரு? எனக்கும் ஒரு வார்த்தை பேசி உடும் வே."

கடையில் வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். எனக்குக் கேட்கவா வேண்டும்? போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். "எம்மா, என் வண்டிக்கு மட்டும் ஃப்ரீயா திறந்து உட்டீயள்லா, அது எந்த அதிகாரி உத்தரவு? அதே மாதிரி என் சிநேகிதருக்கும் செய்யணும்" என்றேன்.

வண்டி எண்ணைக் கேட்டாள். விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது.

"சார், உங்க வண்டிக்கு ஃப்ரீயா எதுவும் குடுக்கலியே. சந்தா கட்டியிருக்கீங்க சார். ஒரு மாசத்துக்குக் கட்டியிருக்கு. போன ஞாயிற்றுக்கிழமை."

கடையில் பார்வைக்கு ஓடவிட்டிருந்த ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு அம்மாள் கையில் இருந்த ஜார் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாத்திரக்கடைக்காரர் நல்ல மனிதர். "கம்ப்யூட்டர்ல தப்பா காட்டுது போல. நான் பெறவு வாரேன் அண்ணாச்சி" என்று எழுந்து போய்விட்டார். மேசைக்கு மேலே பொன்னாடையை மடித்து, பார்க்கிறவர்கள் கண்ணில் படும்படி நான்தான் வைத்திருந்தேன். மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மத்தியானம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் கத்தினேன். "எனக்குத் தெரியாம எதுக்குக் கட்டின? ஊருக்கு முன்னாடி என் மானம் போச்சு!"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கட்டினது என் போன்லதான். காசு என்னது இல்ல. உங்க அத்தான் குடுத்தாவ."



ஞாயிற்றுக்கிழமை அவள் போயிருந்தபோது அத்தான் பென்ஷன் காசை எடுத்து அவள் கையில் வைத்திருக்கிறார். போனில் கட்டிவிடு என்றிருக்கிறார். "நானே கட்டுதேன், நீங்க வைங்க அண்ணேன்னு எவ்வளவோ சொன்னேன்" என்றாள். "கேக்கல. 'நீ கட்டினாலும் அது அவன் காசுதானம்மா. என் கையில இருந்து ஒரு பைசா போவாதுன்னு சொல்லிட்டான். அவன் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். வெயிலு தாங்கல. ஒரு மாசம் போதும், அதுக்குள்ள கரண்டு முடிஞ்சிரும். அவன்கிட்ட சொல்லிராத'ன்னாவ. நீங்க ஜெயிச்சிட்டேன்னு குதிச்சு வந்த அன்னைக்கே சொல்லத்தான் வந்தேன். நீங்க எங்க என்னைப் பேச உட்டிய?"

என் வார்த்தையைக் காப்பாற்ற அந்த மனிதர் தன் காசைக் கொடுத்திருக்கிறார். சோறு இறங்காத மனிதர். என் அப்பா தான் இருந்தவரை ஒரு டீக்குக்கூடக் காசு கொடுக்க விடாமல் பார்த்துக்கொண்ட மனிதர். எங்கள் வண்டியில், எங்கள் சீட்டில் சாய்ந்து உட்கார அவர் காசு கட்டியிருக்கிறார். அது தெரியாமல் நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மருமகன் கை பைக்குள் போகலாமா என்று லாரி டிரைவருக்குப் படம் காட்டியிருக்கிறேன். அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எப்படிக் கொடுப்பது? கொடுத்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று ஆகிவிடும். எனக்குத் தெரியக் கூடாது என்றுதானே அவ்வளவும் செய்திருக்கிறார்.

மறுநாள் காலை ஏறினார். நான் பட்டனை அமுக்கினேன். அவர் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"அவன் இன்னும் பயந்துக்கிட்டுதான் இருக்கான் போல மாப்ளே."

"ஆமா அத்தான்" என்றேன்.

நர்ஸ் முதுகைப் பார்த்துவிட்டு, "இப்பம் பரவால்ல, காஞ்சு வருது" என்றாள். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் தள்ளி நின்றேன்.

திரும்பும்போது சேரன்மாதேவியில் நிறுத்தினேன். எனக்கும் அக்காவுக்கும் டீ, அத்தானுக்கு ஆறவைத்த பால். குடித்து முடித்தோம். அத்தானின் கை சட்டைப்பை பக்கம் கிளம்பியது. எப்போதும்போலப் பையத்தான் போனது, நான் பிடிக்கிறதற்கு நேரம் விட்டு. என் கை எழும்பவில்லை. எழுப்பப் பார்த்தேன், எழும்பவில்லை. எந்த முகத்தோடு அந்த மணிக்கட்டைப் பிடிப்பேன்?

அவர் கை பைக்குள் போய் அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தார்.

"ஏலே, என்ன பாத்துக்கிட்டு நிக்க? அத்தான் காசு எடுக்காவ பாரு" என்றாள் அக்கா.

நான் தரையைப் பார்த்தேன். அத்தான் நோட்டை எடுத்தார். கண்டக்டர்கள் மடிக்கிற மாதிரி நீளவாக்கில் மடித்து, இரண்டு விரலுக்கு நடுவில் நீட்டினார். "மூணு பேருக்கும் எடுத்துக்கிடும் வே" என்றார் கடைக்காரரிடம். அக்கா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வண்டிக் கதவைத் திறந்துவிட்டேன். ஏறப் போனவர் என் தோளில் கை வைத்தார்.

"எப்பம் தெரிஞ்சுது?"

"நேத்து."

தோளை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு ஏறி, சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"சரி, வண்டிய எடு மாப்ளே. கட்டின காத்து வீணாப் போவுது."

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே வண்டியை எடுத்தேன்.